நல்ல நாளுக்கு நாலு பாட்டு



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பொங்கல் விழா பற்றிப் பேசினோம். கோலப் போட்டிக்கு யார் பொறுப்பு, சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் எத்தனை கிலோ, பந்தலுக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்தோம். கடைசியாக ஒரு பிரதிநிதி, "பாட்டுக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். "அது மைக் செட்காரர் போடுவாருங்க" என்று பதில் வந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பின்வரிசையில் இருந்த ஓர் ஊக்குநர், "போன வருசம் அவரு போட்ட பாட்டுக்கு நாம பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டமே, மறந்து போச்சுங்களா?" என்றார்.

மறக்கவில்லை. ஒரே டும் டும் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசுவது காதில் விழவில்லை. வயதான உறுப்பினர்கள் "நெஞ்சே அதிருது கண்ணு" என்று சொல்லி, பொங்கல் வாங்காமலே வீட்டுக்குப் போனார்கள். நம் பணத்தில் நாம் நடத்திய விழாவில் நமக்கே இடமில்லாமல் போனது. அதனால் இந்த வருடம் பாட்டை நாமே தேர்ந்தெடுப்பது, முடிந்த வரை நாமே பாடுவது என்று முடிவானது. எந்தப் பாட்டு, எப்படிப் பழகுவது, யார் பாடுவது என்று பல குழுக்களில் இருந்து கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

பாட்டே காலண்டர்

நம் ஊர்ப் பக்கம் காலண்டரைப் பார்க்காமலே என்ன மாதம் என்று சொல்லி விடலாம். விடியற்காலைக் குளிரில் எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில் ஆண்டாளின் திருப்பாவை கேட்டால் மார்கழி. கறுப்பு வேட்டி காய்கிற வீட்டில் கே.வீரமணியின் ஐயப்பன் பாட்டு கேட்டால் கார்த்திகை. வேப்பிலைத் தோரணமும் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலும் சேர்ந்து வந்தால் ஆடி. கூழ் ஊற்றப் போகிறார்கள், தூக்குப் போசியைக் கழுவி வைக்கலாம். சஷ்டி வந்தால் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். கிருஷ்ண ஜெயந்திக்கு, கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த கிருஷ்ண கானம். சீர்காழி கோவிந்தராஜன் தன் கணீர்க் குரலில் பிள்ளையாரைக் கூப்பிட்டால் சதுர்த்தியாக இருக்கும். இல்லையென்றால் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் அப்போதுதான் மைக் செட் கட்டி முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டிசம்பர் 31-ஆம் தேதி இரவு மணி 12 அடித்தால் சகலகலா வல்லவன் (1982) படத்தின் புத்தாண்டுப் பாட்டு. இளையராஜா இசை, எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரல். 40 வருடத்துக்கு மேல் ஆகியும் அதன் இடத்துக்கு வேறு பாட்டு வரவில்லை. பாடியவர் 2020 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். வருடப் பிறப்புக்கு மட்டும் தவறாமல் வந்து விடுகிறார்.

கல்யாணத்துக்கு என்றால் இரண்டு பாட்டு எல்லோருக்கும் நினைவு வரும். ஒன்று, பாசமலர் (1961) படத்தில் மணப்பெண்ணைத் தோழி அழைக்கிற பாட்டு. பாடியவர் அதே எல்.ஆர்.ஈஸ்வரி. இன்னொன்று, சாரதா (1962) படத்தில் மருமகளை வரவேற்கிற பாட்டு. எழுதியவர் பஞ்சு அருணாசலம். அந்த இரண்டு பாட்டும் இல்லாமல் தாலி கட்டிய பெண்கள் நம் அம்மா வயதில் அநேகமாக இருக்க மாட்டார்கள். பெண் வீட்டை விட்டுப் போகும் நேரத்தில் அதைப் போட்டு விட்டு, மைக் செட்காரர் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக் கொண்டதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

பொங்கலுக்கு, தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற 1958-ஆம் வருடப் படத்தின் பாட்டுத்தான் முதல். படத்தின் பெயரே பழமொழி. இசை கே.வி.மகாதேவன். நம் ஊர்க் கும்மி மெட்டும் தாளமும் கலந்த மாதிரிதான் அவர் பாட்டெல்லாம் இருக்கும். அதனால் கை தட்டிப் பாட வசதி. பிறகு மகாநதி (1994) படத்தில் சித்ரா பாடிய பொங்கல் பாட்டு. படம் என்னவோ நெஞ்சை உலுக்குகிற படம். மறுபடி பார்க்க எங்களுக்குத் தெம்பு இல்லை. பாட்டு மட்டும் கரும்பு மாதிரி.

நம் கூட்டமைப்பில் எல்லா மதத்துச் சகோதரிகளும் இருக்கிறார்கள். பொது விழா என்றால் எல்லோருடைய பாட்டும் வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவாலயங்களில் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளில் பல, தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் எழுதியவை. அவர் காலம் 1774 முதல் 1864 வரை. அப்படியென்றால் அந்தப் பாட்டுகளுக்கு எவ்வளவு வயது என்று பாருங்கள். நாகூர் இ.எம்.ஹனிபாவின் பாட்டு ரம்ஜானுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டா? டீக்கடையில், பேருந்தில் எல்லோரும் கேட்டு வளர்ந்த குரல் அது. இறைவனிடம் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டான் என்கிற பொருளில் அவர் பாடிய பாட்டை நம் இந்து உறுப்பினர்கள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். அவர் 2015-ல் இறந்தபோது எல்லாத் தெருவிலும் துக்கம்தான்.

இன்னொரு செய்தி பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆடி மாதம் முழுவதும் மாரியம்மனைக் கூப்பிடுகிற எல்.ஆர்.ஈஸ்வரி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பதுதான் முழுப் பெயர். அவருடைய அம்மன் பாட்டுகள் பலவற்றுக்கு இசை குன்னக்குடி வைத்தியநாதன். உடுக்கையும் பம்பையும் சேர்ந்து ஒலிக்கும்போது பாடியவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று எந்த அம்மன் கேட்டாள்?

பழைய பாட்டு ஏன் வாய்க்கு வசதி

"பழசுதான் நல்லது" என்று சாதிக்க வரவில்லை. புதுப் பாட்டிலும் நல்லது உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டால் நமக்கே பிடிக்கிறது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து, வாத்தியம் இல்லாமல், பயிற்சி இல்லாமல் பாட வேண்டும் என்றால் பழைய பாட்டுதான் கை கொடுக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காலத்து இசைத்தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் பல்லவி, சரணம் எல்லாம் முடிய வேண்டும். அதனால் பாட்டு சுருக்கமாக இருக்கும். பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஒருவர் சரணம் பாடினால் மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்து கொள்ளலாம். நம் பாட்டிமார் நாற்று நடும்போது பாடிய முறையும் இதுதானே! பெரிய இசைத்தட்டு வந்த பிறகுதான் கவசம் மாதிரி சுமார் 20 நிமிடம் ஓடுகிற பாட்டை எல்லாம் ஒரே மூச்சில் கேட்க முடிந்தது.

அடுத்தது உச்சரிப்பு. டி.எம்.சௌந்தரராஜன் வீட்டு மொழி சௌராஷ்டிரம். பி.சுசீலாவின் தாய்மொழி தெலுங்கு. ஆனால் அவர்கள் பாட்டில் ல, ழ, ள மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக் கொள்கிற நம் உறுப்பினர்கள்கூட ஒரு தரம் கேட்டால் சொல்லைப் பிடித்து விடுகிறார்கள். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலாக 1968-ஆம் வருடப் படங்களுக்குக் கொடுத்தபோது, அதை வாங்கியவர் சுசீலா; உயர்ந்த மனிதன் படத்துக்காக. அடுத்த வருடம் அதே விருதை வாங்கியவர் யார் தெரியுமா? 61 வயதான ஒரு பெண்மணி. அவரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொடுமுடி அம்மாள்

கே.பி.சுந்தராம்பாள் நம் கொடுமுடிக்காரர். 1908-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியவர் என்று சொல்வார்கள். அங்கிருந்து நாடக மேடைக்குப் போனார். அங்கே எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடியாக நடித்தார், அவரையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா இறந்து போனார். அப்போது அம்மாளுக்கு வயது 25.

அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1935-ல் நந்தனார் படத்தில் நடிக்கக் கூப்பிட்டபோது நந்தனாராகவே, ஆண் வேடத்தில், நடித்தார். அதற்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். ஒரு பவுன் சில பத்து ரூபாய்க்கு விற்ற காலத்தில் ஒரு லட்சம்! 1951-ல் அன்றைய சென்னை சட்ட மேலவையில் உறுப்பினரானார். 1953-ல் ஔவையார், 1964-ல் பூம்புகார், 1965-ல் திருவிளையாடல், 1967-ல் கந்தன் கருணை. 1969-ல் வந்த துணைவன் படத்துக்குத்தான் அந்தத் தேசிய விருது.

இப்போது நாம் யோசிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறோம். கோயில் கும்பாபிஷேகமா, தைப்பூசமா, புதுமனை புகுவிழாவா, கல்யாணமா, எதுவாக இருந்தாலும் சுந்தராம்பாள் பாட்டு இல்லாமல் நல்ல காரியம் தொடங்குவதில்லை. பிள்ளையார் மேலும் முருகன் மேலும் அவர் பாடியதைப் போட்டால் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் பாட்டுகளை எல்லாம் அவர் பாடியது கணவரை இழந்த பிறகுதான். மங்கலக் காரியத்தில் நாம் முதலில் கேட்கிற குரல் ஒரு வெள்ளைச் சேலைக்காரருடையது.

ஆனால் நம் வீட்டில் என்ன நடக்கிறது?

இரண்டு வருடத்துக்கு முன்பு நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. நம் குழுக்களில் இருந்து முப்பது பேராவது போயிருந்தோம். அதில் ஓர் அக்கா, பெயர் வேண்டாம். முப்பது வயதில் கணவரை இழந்து, தையல் மிஷின் மிதித்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பழைய பாட்டில் அவருக்குத் தெரியாதது இல்லை. கேசட் காலத்தில் வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, கடையில் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கி, அது தேயத் தேயக் கேட்டவர். குழுக் கூட்டம் முடிந்ததும் "ஒரு பாட்டு அக்கா" என்று நாம் கேட்காத நாள் இல்லை.

வளைகாப்பில் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து பாட ஆள் தேடினார்கள். இளவயதுப் பெண்கள் போனில் பாட்டு வரியைத் தேடிக் கொண்டு இருந்தார்கள். ஒரு குழந்தை போய் அந்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்தது. அக்காவும் இரண்டு எட்டு வைத்தார். அப்போது உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "அவிய அங்கயே இருக்கட்டும். நல்ல காரியம்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா திரும்பிப் போய்த் தூண் ஓரமாக நின்று கொண்டார். வெளியே பந்தலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் அந்த நேரத்தில் ஓடிக் கொண்டிருந்தது சுந்தராம்பாள் பாட்டு.

நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். வங்கி மேலாளரிடம் நின்று பேசுகிறவர்கள், கிராம சபையில் கேள்வி கேட்கிறவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வளையல் போட்டுக் கொண்டு, சாதம் ஐந்து வகையும் சாப்பிட்டு விட்டு வந்தோம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெரியம்மாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் கைம்பெண்தான் என்று பிறகு தெரிந்தது. ஐம்பது வருடமாகத் தானே தூண் ஓரம் நின்று பழகியவர்.

விழாவுக்கு வருவோம்

இந்த வருடப் பொங்கல் விழாவில் முதல் பாட்டை அந்த அக்காதான் பாட வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். தீர்மானம் எழுதப் பேனாவை எடுத்தால் அக்கா எழுந்து, "எழுதாதீங்க. நீங்க எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. நாளைக்கு யாரு வீட்டுலயாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அவ பாடுனாளே அதனாலதான்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்ச நாந்தானே கேக்கோணும்?" என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. தீர்மானம் போட்டு ஒருவரை மேடையில் தள்ளி விட்டு, பிறகு பேச்சு வரும்போது நாம் தள்ளி நிற்பதற்கு, தூண் ஓரமே மேல்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. மேடை வேண்டாம். கும்மிக்கு நிற்கிற மாதிரி எல்லோரும் வட்டமாக நிற்போம். பொங்கல் பானையைச் சுற்றி ஐம்பது பேர் சேர்ந்து பாடினால் யார் முதலில் தொடங்கினார் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? பேச்சு வந்தால் ஐம்பது பேருக்கும் வரட்டும். கணவர் இருப்பவர், இல்லாதவர், விட்டுப் போனவர், கல்யாணமே ஆகாதவர் எல்லோரும் அந்த வட்டத்தில் நிற்க வேண்டும். "அப்படின்னா சரி" என்றார் அக்கா. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

பாட்டுப் பழக விரும்பும் குழுக்களுக்குச் சில விஷயங்கள். முதலில் பாட்டை நோட்டில் எழுதுங்கள். போனில் கிடைக்கிற பாட்டு வரிகளில் பிழை நிறைய. ஒரு சொல் மாறினால் பொருளே தலைகீழாகி விடுகிறது. பாட்டைக் கேட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி கேட்டுச் சரி பாருங்கள். எழுதத் தெரிந்தவர் எழுத, தெரியாதவர் காதால் சரி பார்க்கலாம். காது யாருக்கும் குறைவில்லை. எழுத்துப் பழகும் உறுப்பினர்களுக்கு இது நல்ல பாடமும் ஆகிறது. தெரிந்த பாட்டை எழுத்தில் பார்க்கும்போது அவர்கள் விரல் வைத்துப் படிக்கிற வேகமே தனி.

அடுத்து சுருதி. டி.எம்.எஸ். பாட்டை அவர் பாடிய உயரத்திலேயே பிடிக்கப் போனால், சரணத்தில் குரல் கிறீச்சிடும் அல்லது காணாமல் போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் கட்டை வேறு. கச்சேரிகளில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள். நமக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பாட்டில் எது மிக உயரமான இடமோ அதை முதலில் பாடிப் பாருங்கள். அது தொண்டை வலிக்காமல் வந்தால் அங்கிருந்து இறங்கிப் பல்லவியைத் தொடங்குங்கள். சுருதிப் பெட்டி போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளைகளிடம் கேட்டால் ஏற்றித் தருவார்கள்.

போனில் பாட்டுப் போடுகிறவர்கள் முன்னாலேயே இறக்கி வைத்துக் கொள்ளுங்கள். சென்ற வருடம் ஒரு குழுவில் குத்துவிளக்கு ஏற்றும்போது அம்மன் பாட்டு நடுவில் நின்று, பாத்திரம் துலக்கும் சோப்பு விளம்பரம் வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒலிபெருக்கி விஷயம். 2000-ஆம் வருடத்து ஒலி மாசு விதிப்படி, எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் வைக்கவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. அது கிட்டத்தட்ட நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற சத்தம். நம்மில் எத்தனை வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்! தை மாதம் அவர்களுக்குத் தலை போகிற காலம். ஐம்பது பெண்கள் சேர்ந்து பாடினால் ஒலிபெருக்கியே தேவைப்படாது என்பதுதான் எங்கள் எண்ணம். பேச்சுக்கு மட்டும் ஒரு சின்ன மைக் போதும்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. பெண் சீருக்கு இன்னிசைக் கச்சேரி வைக்க உள்கடன் கேட்டு வந்த மனு சில குழுக்களில் உண்டு. கொடுக்கலாமா என்று அந்தந்தக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மணி நேரப் பாட்டுக்கு இரண்டு வருடம் தவணை கட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு விட்டு முடிவு செய்யுங்கள்.

பாட்டுக்குப் பாட்டு போட்டியும் விழாவில் உண்டு. இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது நடத்தி நம் வீடுகளில் எல்லாம் கேட்ட அதே விளையாட்டு. ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். மாமியார் அணி, மருமகள் அணி என்று பிரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சண்டை வரும் என்று தள்ளி வைத்திருக்கிறோம்.

ஒத்திகை மார்கழி முடிகிற வரை ஒவ்வொரு புதன்கிழமையும் சேமிப்பு வசூல் முடிந்த பிறகு, கூட்டமைப்பு அலுவலகத் திண்ணையில் நடக்கும். பாட்டு நோட்டோடு வாருங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் படப் பாட்டு, மகாநதி பாட்டு, ஒரு வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை, ஒரு ஹனிபா பாட்டு, ஒரு சுந்தராம்பாள் பாட்டு என்று ஐந்து இதுவரை முடிவாகி இருக்கிறது. ஆறாவதை நீங்கள் சொல்லுங்கள்.

அக்காவின் நிபந்தனை இதுதான்: "சுந்தராம்பாள் பாட்ட அந்தம்மா கட்டையில யாரும் எடுக்கக் கூடாது. அது ஊருக்கே கேக்கற தொண்டை, நமக்கு வராது. நான் எடுக்கற கட்டையிலதான் எல்லாரும் எடுக்கோணும்." முதல் ஒத்திகையில் இளம் உறுப்பினர்கள் நாலு பேர் ஆசைப்பட்டு உயரமாக எடுத்தார்கள். அக்கா பாட்டை நிறுத்தி விட்டு, "இறக்குங்க" என்றார்.